‘இரன்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர்

எங்கள் படத்தில் ஒரு இடம் வரும். கனடாவிலிருந்து வந்த மகன் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, மேசையில் வைத்துவிட்டு எழும்புகிறான். சாய்மனைக் கதிரையில் இருக்கிற தகப்பன் “இரன்” என்கிறார். வசனம் அவ்வளவுதான், ஒரு சொல். அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லக்கூடிய ஓர் ஆளைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக காலம் போனது. எந்தக் கமரா, எந்த லென்ஸ், எவ்வளவு காசு என்று தம்பிமார் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஒரு சொல்தான். அதனால் முதல் படத்துக்கு வந்த பாதையை இங்கேயிருந்து எழுதுகிறேன்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ‘இரு’ என்றால் கட்டளை. ‘இருங்கோ’ என்றால் மரியாதை. ‘இரன்’ என்றால், கொஞ்சம் இருந்துவிட்டுப் போனால் என்ன என்று மனதுக்குள் இருக்கிற ஆசையை உரிமையோடு கேட்பது. வாவன், சொல்லன், தின்னன், எல்லாம் அப்படித்தான். எழுத்துத் தமிழில் இதற்கு நேரான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. திரைக்கதையில் அந்த இடத்தில் ‘இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது அந்தத் தகப்பன் வேறு யாரோ ஆகிவிட்டார்.

நான் படித்த பள்ளிக்கூடம் கலியாண வீடுகள்தான். உயர்தரம் முடித்த பிறகு 2010இல் யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். சண்டை முடிந்து ஒரு வருடம், வெளிநாட்டுச் சனம் அள்ளுப்பட்டு வந்து கொண்டிருந்த நேரம், கலியாணம், சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு விழா), வீடு குடிபூரல் என்று ஒரு மாதத்தில் இருபது வேலை கூட வந்திருக்கிறது. ஆளை எங்கே நிறுத்தினால் முகத்தில் வெளிச்சம் விழும், அழப்போகிற ஆள் யார், தாலி கட்டும் நேரம் ஐயர் எந்தப் பக்கம் குனிவார், இதெல்லாம் அங்கே பழகியது. ஆனால் அந்த வேலையில் சத்தத்துக்கு இடமே இல்லை. எடுத்து வந்ததை எடிட்டிங்கில் போட்டதும் முதலில் செய்வது, கமராவில் பதிந்த ஒலியை முழுவதும் அழித்துவிட்டு மேலே ஒரு இந்தியப் பாட்டை வைப்பதுதான்.

ஒருநாள் கோப்பாயில் எடுத்த ஒரு சாமத்தியவீட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். அழிக்க முதல் தற்செயலாக ஹெட்போனை மாட்டிவிட்டேன். பிள்ளையை மணவறையில் இருத்தியிருக்கிறார்கள், படத்தில் தெரியாத ஒரு பக்கத்திலிருந்து அம்மம்மா மெல்லிய குரலில் சொல்கிறார்: “நிமிர்ந்து இரு குஞ்சு. உப்பிடிக் கூனினா உன்ரை கொம்மா மாதிரித்தான் வருவாய்.” பிள்ளை சிரிப்பை அடக்குகிறாள். மூன்று வருடம் எத்தனையோ வீட்டில் இப்படியான கதைகளை எல்லாம் நான் அழித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதையும் அழிக்கத்தான் வேண்டியிருந்தது, அவர்கள் கேட்டது பாட்டு. ஆனாலும் அந்தத் துண்டை மட்டும் தனியாக ஒரு இடத்தில் சேமித்து வைத்தேன்.

2014இல் முதல் குறும்படம் எடுத்தேன். 17 நிமிடம். கையிலிருந்த கமராவில் எடுத்துவிட்டு, குரலை ஒரு அறையில் மெத்தைகளைச் சாத்தி வைத்து டப்பிங் செய்தோம். நடித்தவர்கள் எல்லாரும் என் வயதுப் பெடியள், எல்லாருமே தென்னிந்தியப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும் அவர்களை அறியாமலே “என்னடா பண்ற”, “சாப்பிட்டியா” என்று வந்தது. எனக்கும் அது பிழையாகக் கேட்கவில்லை, படம் என்றால் அப்படித்தான் கதைப்பார்கள் என்று எனது காதும் பழகியிருந்தது. காட்டி முடித்த பிறகு ஒரு வயதான ஐயா வெளியில் வந்து என் கையைப் பிடித்துக் கேட்டார்: “தம்பி, வேலி எங்கட வேலி, கிணறு எங்கட கிணறு. கதைக்கிறது ஆர்?”

அந்தக் கேள்விதான் என்னை இந்தப் படம் வரை கூட்டி வந்தது.

அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன், பெரியவர்களிடம் கேட்டேன். இது எனக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இலேயே யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகங்கள் எழுதிப் புத்தகமாக்கிவிட்டார். 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தன் காசைப் போட்டு ‘குத்துவிளக்கு’ எடுத்து யாழ்ப்பாணத்துக் கிராமத்தைத் திரைக்குக் கொண்டு வந்தார். எழுபதுகளில் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ இங்கேயே நின்று ‘பொன்மணி’யை எடுத்தார். அதாவது வழி போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். 1983 கலவரத்தில் எரிந்தவற்றில் இலங்கைத் தமிழ்ப் படங்களின் நெகட்டிவ்களும் உண்டு, பிறகு சண்டை, படம் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாத வருடங்கள். இடையில் எங்கள் பேச்சு பெரும்பாலும் பகிடிக்குத்தான் பயன்பட்டது. வானொலியிலும் மேடையிலும் சிரிக்க வைக்கிற ஆள் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பார், அழ வேண்டிய ஆள் செந்தமிழுக்குப் போய்விடுவார். எனக்கு இது சரியான மனவருத்தம். எங்கள் வீடுகளில் செத்தவீட்டிலும் நாங்கள் இந்தத் தமிழில்தானே அழுகிறோம்.

2015இல் யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா தொடங்கியது எனக்கு ஒரு பெரிய திருப்பம். எனக்குப் பெயர்கூடத் தெரியாத நாடுகளின் படங்களை எங்கள் ஊரிலேயே இருந்து பார்த்தேன். மொழி ஒன்றும் விளங்காது, கீழே போகிற எழுத்தை வாசிக்கிற வேகமும் அப்போது எனக்கு இல்லை. ஆனாலும் ஒரு கிழவி தன் பேரனைக் கூப்பிடுகிற குரலில் அந்த வீடு முழுவதும் தெரிந்தது. அவர்கள் யாரும் இன்னொரு ஊர்க்காரருக்கு விளங்க வேண்டும் என்று தங்கள் பேச்சை மாற்றவில்லை. அன்றைக்கு முடிவெடுத்தேன், முதல் முழுநீளப் படம் எடுத்தால் டப்பிங் இல்லை, படப்பிடிப்பில் பதிகிற குரல்தான் படத்தில் வரும் என்று. அந்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது, செலவையும், இடத்தையும், எந்த மாதம் எடுப்பது என்பதையும்.

காசுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தயாரிப்பாளர் என்று யாரும் கிடைக்கவில்லை. சுவிஸில் இருக்கிற மச்சான் ஒரு பெரிய பங்கு தந்தார், கூடப் படித்த பதினொரு பேர் சேர்ந்து கொஞ்சம், நான் கட்டிய இரண்டு சீட்டு, மனைவியின் ஒரு சோடிக் காப்பு. முதலில் 24 லட்சம் என்று போட்ட கணக்கு கடைசியில் 41 லட்சத்தில் போய் நின்றது. காசு தந்த எல்லாருக்கும் முதல் நாளே சொன்னேன், இது திரும்பி வரும் என்று நினைத்துத் தராதேங்கோ என்று. இரண்டு பேர் விலகினார்கள், அவர்களோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, அதன் பிறகு கொரோனா என்று மூன்று வருடம் தள்ளிப்போனதால் திரைக்கதையைத் திரும்பத் திரும்ப எழுத நேரம் கிடைத்தது, ஒன்பது தரம் எழுதினேன்.

இடம் புங்குடுதீவு. பண்ணைப் பாலத்தால் ஏறி வேலணை கடந்து போகும்போதே இரண்டு பக்கமும் கடல். ஊருக்குள் ஆளில்லாத பெரிய வீடுகள், பூட்டிய கேற், முற்றத்தில் வடலி வளர்ந்திருக்கும். உரித்துக்காரர் ரொரன்ரோவிலோ பாரிஸிலோ இருப்பார். கதையே அதுதான் என்பதால் அங்கே போனோம், ஆனால் உண்மையைச் சொன்னால் அமைதியும் ஒரு காரணம். டவுனில் வைத்து ஒலிப்பதிவு செய்யவே முடியாது. மாதமும் யோசித்துத்தான் வைத்தோம். மாரியில் மழை, வைகாசிக்குப் பிறகு சோளகம் என்கிற தென்மேல் காற்றுப் பிடித்துவிட்டால் காய்ந்த பனையோலை ஆடுகிற சத்தம் எல்லா மைக்கிலும் ஏறிவிடும், எந்தக் கவசம் போட்டாலும் நிற்காது. காற்று அடங்கி இருக்கிற மாசி, பங்குனிதான் எங்களுக்குச் சரி. 2022 மார்ச்சில் 24 நாள் என்று திட்டம் போட்டோம்.

தகப்பன் வேடத்துக்கு முதலில் ஒரு நல்ல மேடை நடிகரைப் பேசியிருந்தோம், உழைப்பாளி, வசனம் முழுக்கப் பாடம். ஒத்திகையில் எல்லாம் சரியாக வந்தது. கிளாப் அடித்ததும் ஏதோ ஒன்று மாறும். “இரப்பா” என்பார். திருத்திச் சொன்னால் “இரன்” என்று வரும், ஆனால் ஒரு அரங்கத்தின் கடைசி வரிசைக்குச் சொல்வதுபோல வரும். இடைவேளையில் அவருக்கு மகளிடமிருந்து போன் வந்தது. வேலிக்கரையில் நின்று “இரன் பிள்ளை, வாறன், இரன்” என்று கதைத்தார். அதுதான் எனக்குத் தேவையான குரல், அச்சொட்டாக அதுதான். அதைக் கமராவுக்கு முன்னால் எப்படி எடுத்து வருவது என்று எனக்குத் தெரியவில்லை. அது எனது குறைதான், அனுபவமுள்ள ஒரு இயக்குநர் வழி கண்டுபிடித்திருப்பார். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரிடமே மனம் திறந்து சொன்னேன். அவர் என்னைவிடப் பெரிய மனிதர், விதானையார் (கிராம அலுவலர்) வேடத்துக்கு மாறிக்கொண்டார்.

நாங்கள் படம் எடுத்த வீட்டின் திறப்பை (சாவியை) வைத்திருந்தது பக்கத்து வளவு ஐயா. தபால் கந்தோரில் வேலை செய்து இளைப்பாறியவர், மனைவி இல்லை, மூன்று பிள்ளைகளும் வெளியில். ஒவ்வொரு நாளும் காலையில் வந்து கேற்றைத் திறந்துவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி கிடைத்ததா என்று பார்த்துவிட்டு, ஒரு மூலையில் இருந்து சீவல் போடுவார். ஒலிப்பதிவு செய்த தம்பிதான் முதலில் சொன்னான், “அண்ணை, அந்த ஐயா கதைக்கேக்கை ஹெட்போனிலை கேட்டுப் பாருங்கோ.” கேட்டேன். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட வேண்டும் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், எங்களுக்கு ஆள் கிடைத்துவிட்டது. சம்மதிக்க வைக்க நாலு நாள் போனது, அது வேறு.

அந்தக் காட்சியை எடுத்த அன்று நான் அவருக்கு வசனம் சொல்லிக் கொடுக்கவில்லை. “ஐயா, இவர் உறுதியை வைச்சிட்டு எழும்புவார். அப்ப நீங்கள் என்ன சொல்லுவியள்?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கமரா ஓடத் தொடங்கியது. மகனாக நடித்தவர் எழும்பினார், கதிரைக் கால் சீமெந்தில் உரஞ்சியது. ஐயா அவரைப் பார்க்கவேயில்லை. வெற்றிலைத் தட்டத்தில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து, திருப்பி, அதே இடத்தில் வைத்துவிட்டு, “இரன்” என்றார். குரல் உயரவில்லை, கடைசி எழுத்து கொஞ்சம் காற்றாகப் போனது. இரண்டாம் தரம் எடுக்கும்போது ஒழுங்கையால் பாண் விற்கிற ஓட்டோ தன் மெட்டோடு வந்துவிட்டது, மூன்றாம் தரம் நன்றாகவே வந்தது, ஆனால் படத்தில் இருப்பது முதல் தரம்தான். பின்னால் ஒரு காகம் கத்துகிறது, அதையும் அப்படியே விட்டுவிட்டோம்.

உடனே ஒலிப்பதிவுத் தம்பி “ஒருத்தரும் அசையாதேங்கோ, ஒரு நிமிசம்” என்றான். ஆட்கள் பேசாத வெறும் இடத்தின் சத்தத்தை ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பதிவு செய்து வைக்க வேண்டும், எடிட்டிங்கில் வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில் அதைத்தான் நிரப்புவார்கள், இல்லாவிட்டால் வெட்டு விழுந்த இடத்தில் காது தடக்கும். நாங்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நின்றோம். ஐயாவுக்கு இது தெரியாது, காட்சி இன்னும் ஓடுகிறது என்று நினைத்து அந்த வெறும் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கமராத் தம்பி நிறுத்தாமல் வைத்திருந்தான். படத்தில் அந்தப் பார்வை 22 விநாடி இருக்கிறது.

அந்த மார்ச் மாதத்தை இலங்கையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் கரண்ட் இல்லை, மாத முடிவில் 13 மணி நேரம். பற்றரி சார்ஜ் போட, கரண்ட் வருகிற நேரத்துக்கு அலாரம் வைத்து நடுச்சாமத்தில் எழும்பினோம். நாங்கள் பதிந்த தரத்தில் ஒரு மணித்தியாலப் படம் 45 ஜிபி, அதை இரண்டு ஹார்ட்டிஸ்கில் பிரதி எடுத்து முடியும்வரை கரண்ட் நிற்கக்கூடாது என்று எல்லாரும் விழித்திருப்போம். டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது, வாங்காமல் விட்ட ஹார்ட்டிஸ்க் எல்லாம் கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்டது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாத அந்த மணித்தியாலங்களில் தண்ணீர் மோட்டர் இல்லை, ரீவி இல்லை, கோயில் லவுட்ஸ்பீக்கர் இல்லை. படத்தில் நீங்கள் கேட்கிற இரவுகள், தூரத்துக் கடல், பக்கத்து வீட்டில் யாரோ இருமுகிறது, எல்லாம் அந்த மின்வெட்டில் பதிந்தவை. சனம் அவ்வளவு கஷ்டப்பட்ட நேரத்தில் கிடைத்த அமைதி அது, அதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் காட்சிகளைப் பார்ப்பேன்.

14ஆம் நாள் டீசல் முடிந்தது. வானை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தோம். மிச்சப் பத்து நாளை எடுக்க அடுத்த வருடம் மாசி வரை காத்திருக்க வேண்டி வந்தது, ஏனென்றால் அந்த வீட்டின் சத்தம் அதே காற்றில், அதே பருவத்தில் இருந்தால்தான் முன்னர் எடுத்ததோடு ஒட்டும். அந்த இடைவெளியில் பேரனாக நடித்த பிள்ளைக்குக் குரல் உடைந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக் கீச்சுக் குரலோடு போனவன், வந்து “வணக்கம் அண்ணா” என்றதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். உயரத்தைக் கமராவில் சமாளிக்கலாம், குரலை என்ன செய்வது? டப்பிங் செய்யலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய மிச்சக் காட்சிகளை இரண்டு இரவில் திரும்ப எழுதினேன், வசனமே இல்லாமல். பெரியவர்கள் வீட்டை விற்கிற கதை கதைக்கிறார்கள், அவன் கிணற்றுக் கட்டில் இருந்து கேட்கிறான். அவ்வளவுதான் அவன் செய்வது. சில இடங்களில் அது முதலில் எழுதியதைவிட நல்லது, ஒரு இடத்தில் மட்டும் அவன் வாய் திறந்திருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குப் படுகிறது.

எடிட்டிங் வீட்டில், ஒலிக்கலவை கொழும்பில். அங்கே எனக்கு நல்ல மனதோடு ஒரு ஆலோசனை சொன்னார்கள், ‘உவன்’, ‘உந்த’, ‘உதிலை’ என்பதெல்லாம் தமிழ்நாட்டில் விளங்காது, ‘அவன்’, ‘அந்த’ என்று மாற்றி அந்தச் சொற்களை மட்டும் திரும்பப் பதியலாம் என்று. விளங்காதுதான். ஆனால் இவன், அவன், உவன் என்ற மூன்றும் எங்களிடம் உயிரோடு இருக்கிறது, சங்கத் தமிழில் இருந்த சுட்டு அது. தகப்பன் மகனை ‘உவன்’ என்று சொல்லும்போது அவன் பக்கத்திலும் இல்லை, கைவிட்டுப் போகவும் இல்லை, அந்தத் தூரம்தான் படம் முழுக்க அவர்களுக்கு இடையில் இருக்கிறது. ஒரு சொல்லும் மாற்றவில்லை. பிறகு தணிக்கை, திரைப்படக் கூட்டுத்தாபன வேலைகள், தியேட்டருக்குக் கொடுக்கிற டிசிபி என்கிற டிஜிட்டல் பிரதி. அலைச்சல்தான், ஆனால் ஓடினால் முடிகிற வேலை.

யாழ்ப்பாணத்தில் முதல் காட்சிக்கு ஒரு நாள் முன்னர் தியேட்டரில் போட்டுப் பார்த்தோம். வசனம் கேட்கவில்லை. உதடு அசைகிறது, ஏதோ முணுமுணுப்பு. நான் எழும்பி ஒபரேட்டர் அறைக்கு ஓடினேன். தியேட்டர் ஒலிக்கருவியில் 7 என்பதுதான் அளவு, கலவை செய்கிறவர்கள் அந்த 7ஐ நம்பித்தான் செய்வார்கள். இங்கே நாலரையில் வைத்திருந்தது. பெரிய சண்டைப் படங்களை ஏழில் வைத்தால் சனம் காதைப் பொத்தும், அதனால் எல்லாப் படத்துக்கும் நாலரை. ஒபரேட்டர் அண்ணை வயதானவர், பிலிம் ரீல் காலத்திலிருந்து அந்த வேலையில் இருப்பவர். கூட்டினால் ஸ்பீக்கர் போய்விடும் என்றார். “அண்ணை, எங்கட படத்திலை வெடி ஒண்டுமில்லை. ஒரு ஐயா கதைக்கிறார், அவ்வளவுதான். ஒருக்கா ஆறிலை வைச்சுப் பாருங்கோவன்” என்று கேட்டேன். வைத்தார். சின்னக் கண்ணாடி யன்னலால் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உறுதி, கதிரை, பாக்குவெட்டி. “இரன்.” காகம். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, பிறகு தன்பாட்டில் ஒரு துண்டை எடுத்து ‘6’ என்று எழுதி கருவியில் ஒட்டினார்.

அடுத்த நாள் மூன்று காட்சி. ஒவ்வொன்றுக்கும் முதல் மேலே ஏறிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவர் ஏற்கெனவே ஆறில் வைத்திருந்தார்.